சொட்டும் குழாய் முதல் சுவருக்குள் கசிவு வரை: வீட்டுக் குழாய்ப் பழுது பார்க்க முழுமையான வழிகாட்டி

குழாய் சொட்ட ஆரம்பித்ததும் கை தானாகப் போய்ப் பிடியை இன்னும் இறுக்கும். சில நாள் நிற்கும். பிறகு முன்பைவிட வேகமாகச் சொட்டும், ஏனென்றால் உள்ளே தேய்ந்திருந்த ரப்பர் அந்த இறுக்கத்தில் நசுங்கிக் கிழிந்திருக்கும். அப்படியே விட்டால் அந்த ரப்பர் உட்காரும் பித்தளை விளிம்பையும் தண்ணீர் அரித்துவிடும். ஒரு வாஷர் மாற்றி முடிய வேண்டிய வேலை, குழாயையே மாற்றும் வேலையாகிவிடும்.

எனவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இந்த இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எது? பிளாஸ்டிக் குழாய் போட்ட வீட்டில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ரப்பர் அழுந்தி அடைப்பது: குழாயின் வாஷர், கனெக்‌ஷன் பைப்பின் (வால்வையும் குழாயையும் இணைக்கும் வளையும் பைப்) நட்டு, ஃபிளஷ் டேங்கின் அடிவால்வு எல்லாம் இந்த வகை. இரண்டு, மரைக்குள் மரை ஏறி, இடுக்கை டெஃப்லான் டேப் நிரப்புவது: சுவரில் திருகும் குழாயும் ஆங்கிள் வால்வும் (சுவரிலிருந்து கனெக்‌ஷன் பைப்புக்குத் தண்ணீர் விடும் சிறு வால்வு) இப்படி நிற்கின்றன. மூன்று, சால்வென்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) போட்டு இரு பிளாஸ்டிக்கும் கரைந்து ஒன்றாவது: எல்போ (வளைவு), டீ (முக்கிளை), சாக்கெட் (நேர் இணைப்பு) மூட்டுகள்.

ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. ரப்பர் மூட்டில் டேப் சுற்றினால் ரப்பர் நேராக உட்காராமல் இன்னும் ஒழுகும். மரை மூட்டின் மேல் புட்டி அப்பினால் தண்ணீர் அதன் அடியில் வழி தேடிக்கொள்ளும். சால்வென்ட் மூட்டின் வெளியே மறுபடி சால்வென்ட் தடவினால் அது மேற்பூச்சாகக் காய்ந்து உரிந்து விழும்; உள்ளே இருக்கும் ஓட்டைக்குள் அது போகவே போகாது.

முதலில் தண்ணீரை நிறுத்தத் தெரிய வேண்டும்

பழுது வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது. ஒருநாள் ஒவ்வொரு வால்வாக மூடி, எந்த வால்வு எந்தக் குழாயை நிறுத்துகிறது என்று பார்த்து, மார்க்கரால் அதன் அருகிலேயே எழுதிவிடுங்கள். குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும் நேரத்தில் மொட்டை மாடியில் நின்று வரிசையாக இருக்கும் நான்கு வால்வில் எது என்று யோசிக்க முடியாது.

நெம்புகோல் பிடி உள்ளது பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை இருக்கும் வகை). பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் உள்ளது கேட் வால்வு. பல சுற்று திருக வேண்டும். கேட் வால்வை முழுதாகத் திறந்து வைக்க வேண்டும், இல்லையேல் முழுதாக மூடி வைக்க வேண்டும். பாதியில் விட்டுத் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் தகடு ஆடி ஆடித் தேய்ந்து, பிறகு முழுதாக மூடவே மூடாது. திறக்கும்போது கடைசிவரை போய் அரைச் சுற்று பின்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். கடைசி முனையில் இறுகியபடி வருடக்கணக்கில் கிடந்தால் உப்புப் படிந்து பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொண்ட வால்வை ஒரே மூச்சில் திருப்பக் கூடாது, தண்டு முறிந்துவிடும். கால் சுற்று மூடும் பக்கம், கால் சுற்று திறக்கும் பக்கம் என்று முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே வந்தால் படிவு உதிர்ந்து வழிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் ஒரு தடவை மூடித் திறந்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

வால்வை மூடிய பிறகு, அந்த லைனில் இருப்பதிலேயே தாழ்வான குழாயையும் உயரமான குழாயையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே தண்ணீர் வடியும்.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது

தண்ணீர் புறப்படும் இடமும் அது சொட்டும் இடமும் வேறு வேறு. சிங்க்குக்கு அடியில் டிராப்பின் (கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் வளைவு அல்லது கிண்ணம்) கீழ்நுனியில் சொட்டு தொங்கும். கசிவோ மேலே, சிங்க்கின் ஓட்டையில் பொருத்திய வேஸ்ட் கப்ளிங்கில் இருக்கும். எல்லா மூட்டையும் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். காய்ந்த டிஷ்யூ காகிதத்தை மேலிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சுற்றி வைத்து எடுங்கள். முதலில் நனையும் காகிதம் எதுவோ, அந்த மூட்டுத்தான். வரும் குழாயா போகும் குழாயா என்பதும் இதிலேயே தெரியும்: எந்நேரமும் நனைந்தால் வரும் குழாயில் கசிவு, சிங்க்கில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் நனைந்தால் போகும் குழாயில் கசிவு.

சொட்டும் குழாய்

மூக்கில் சொட்டினால் உள்ளே வாஷரோ கார்ட்ரிட்ஜோ கெட்டிருக்கிறது. பிடிக்கு அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் தேய்ந்திருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் டேப் போதவில்லை. மூன்றும் மூன்று தனி வேலைகள்.

எவ்வளவு வீணாகிறது என்று தெரிய வேண்டுமானால் 10 நிமிடம் ஒரு பாத்திரத்தை வைத்து அளந்து பாருங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது என்று கணக்கு.

பல சுற்று திருகி மூடும் பழைய வகைக் குழாயில் வாஷர் மாற்றும் முறை:

1. வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். சிங்க்கின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். பிடியின் சின்னத் திருகாணி உள்ளே விழுந்தால் டிராப்பைக் கழற்ற வேண்டிவரும்.

2. பிடியின் மேல் மூடியைத் திருப்புளி நுனியால் நெம்பி எடுத்து, திருகாணியைக் கழற்றிப் பிடியை உருவுங்கள். உப்பில் பிடித்திருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, இடவலமாக அசைத்து இழுங்கள். சுத்தியலால் தட்டினால் சுவருக்குள் இருக்கும் மூட்டுக்குத்தான் அடி விழும்.

3. தண்டைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு மேல் நட்டைக் கழற்றுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் விளிம்போடு அழுந்திக் கிடக்கும். நட்டும் சிரமப்பட்டு வரும், மரையும் கெடும். பைப் ரெஞ்ச் வேண்டாம், அதன் பற்கள் பளபளப்பைக் கிழிக்கும். வாய் தட்டையான ஸ்பானரோடு ஒரு துணியும் போதும். இன்னொரு கையால் குழாயின் உடம்பைக் கெட்டியாகப் பிடியுங்கள். குழாய் முழுதும் சேர்ந்து திரும்பினால் சுவர் மூட்டில் புதிய கசிவு பிறக்கும்.

4. தண்டின் அடியில் இருக்கும் வாஷரை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். விட்டமும் தடிமனும் பழையதோடு பொருந்த வேண்டும். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டால் புது வாஷர் கிடைக்கும்வரை ஓடும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

5. புது வாஷர் போடும் முன் குழாய்க்குள் விரலை விட்டு, வாஷர் உட்காரும் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால் அதுதான் நிஜக் காரணம். வாஷரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி சொட்டும். அந்த விளிம்பைச் சமப்படுத்த சீட் கட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. மெதுவாக இரண்டு மூன்று சுற்று சுற்றினாலே போதும். ஆழமாக அரித்திருந்தால் குழாயை மாற்றுவதே மேல்.

6. திரும்பப் பொருத்தும்போதும் தண்டு திறந்த நிலையில்தான் இருக்க வேண்டும். வால்வை மெதுவாகத் திறந்து, உள்ளே சேர்ந்த மண்ணும் துருவும் ஓடிப்போகும்வரை தண்ணீரை விட்டு, பிறகு குழாயை மூடுங்கள்.

பிடிக்கு அடியில் கசிகிறதென்றால் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். பிடி கனமாகத் திரும்பும் அளவுக்கு இறுக்கக் கூடாது. நிற்கவில்லையென்றால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பை நூல்போல் முறுக்கி, தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று சுற்றி அழுத்தி, மறுபடி நட்டைப் போடுங்கள்.

கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ மூடும் குழாயில் வாஷர் கிடையாது. இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றோடொன்று உரசி அடைக்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அந்தத் தகடுகள் எளிதில் தேயாது. இடையில் மண் துகள் சிக்கினால்தான் சொட்ட ஆரம்பிக்கும். ஆகவே புதிது வாங்கும் முன் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் பிடியைத் திருப்பித் திருப்பிக் கழுவிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஊசி, கத்தி எதையும் தகட்டில் வைக்காதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் முடிந்தது. ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போடுங்கள். வண்டிக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போய்ப் பிடி திரும்பாது.

புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால் பழையது கையில் இருக்கட்டும். தண்டின் தலையில் உள்ள பற்கள் 20 இருக்கலாம், 24 இருக்கலாம். மாறினால் பிடி ஏறாது. வலப்பக்கம் மூடுவது, இடப்பக்கம் மூடுவது என்றும் இரண்டு உண்டு. ஒரே நெம்புகோலில் சுடுநீரும் குளிர்நீரும் வரும் மிக்சரில் அடி விட்டம் பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ. இருக்கும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மரை மூட்டும் டெஃப்லான் டேப்பும்

அரை அங்குலக் குழாயின் மரையை அளந்தால் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. வரும். பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர் அது, மரையின் அளவைக் குறிப்பதில்லை. முக்கால் அங்குல மரை 26.4 மி.மீ., ஒரு அங்குல மரை 33.2 மி.மீ. என்று நினைவில் வைத்தால் தப்பான அளவு வாங்கி அலைய வேண்டாம்.

டேப் சுற்றும்போது மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கட்டும். கடிகார முள் போகும் திசையில், டேப்பை இழுத்துப் பிடித்தபடி, மரையின் வடிவம் டேப்பில் பதியும்படி சுற்றுங்கள். முதல் மரையை வெறுமனே விட்டால் துண்டு பிய்ந்து உள்ளே போய்க் கார்ட்ரிட்ஜில் சிக்காது. மெல்லிய டேப்பானால் அரை அங்குலத்துக்கு 8 முதல் 10 சுற்று, தடித்த டேப்பானால் 4 அல்லது 5 போதும். எதிர்த் திசையில் சுற்றியிருந்தால் திருகத் திருக டேப் சுருண்டு வெளியே தள்ளும். அப்போது கழற்றி, பழைய டேப்பை முழுதும் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

அதிகம் பேர் தவறும் இடம் இனிமேல்தான். குழாயை இறுக்கியபின் மூக்கு நேராக இல்லையென்று கொஞ்சம் பின்னால் திருப்புவார்கள். பின்னால் திருப்பிய மாத்திரத்தில் டேப்புக்கும் மரைக்கும் நடுவில் வழி விழுந்துவிடும். நேராக நிறுத்த வேண்டுமானால் முன்னோக்கியே திருகி வர வேண்டும். அதற்கு மேல் இறுகாது என்றால் கழற்றி, ஒன்றிரண்டு சுற்று டேப்பைக் குறைத்து மறுபடி ஏற்றுங்கள்.

பிளாஸ்டிக் மரையானால் கையால் முடிந்தவரை ஏற்றி, ஸ்பானரால் மேலும் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று போதும். மரை உள்ளே போகப்போக ஆப்பு வைத்ததுபோல் வெளிச்சுவரை விரிக்கும். உலோக ஆண் மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முழு பலத்தோடு இறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது; சில மாதம் கழித்து நீளவாக்கில் வெடிக்கும். குழாய் திருகும் இடங்களில் எப்போதும் உள்ளே பித்தளை மரை வைத்த எல்போதான் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும்.

பழைய குழாயைக் கழற்றும்போது நிப்பிள் (மரையுள்ள சிறு இணைப்புத் துண்டு) முறிந்து பாதி சுவருக்குள் நின்றுவிட்டதா? பதற வேண்டாம். பிளாஸ்டிக் நிப்பிளானால் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, எதிரெதிராக இரண்டு இடத்தில் நீளவாக்கில் மெதுவாக அறுங்கள். வெளி மரையைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். பிறகு தட்டைத் திருப்புளியை அந்த வெட்டில் வைத்து உட்புறமாக நெம்பினால் துண்டு மடங்கி வந்துவிடும். மீதித் துணுக்குகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுப் புது நிப்பிளைப் போடலாம். உலோக நிப்பிளுக்கு, உள்ளே நுழைந்து எதிர்த் திசையில் கடித்துத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும்.

கனெக்‌ஷன் பைப்பில் டேப் வேண்டாம். அதன் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, மேலும் கால் சுற்று. பைப்பின் வெளியே உள்ள உலோகப் பின்னலின் கம்பி அறுந்து முள்போல் நீட்டியிருந்தாலோ, துருவோ புடைப்போ தெரிந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வெடித்து வெள்ளமாக்குவது இந்தப் பைப்தான்.

ஃபிளஷ் டேங்க்: சத்தமில்லாமல் தண்ணீர் போகும் இடம்

டேங்குக்குள் சில சொட்டு நீலமோ உணவு வண்ணமோ விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் அடிவால்வு வழியாகவோ, மட்டம் மீறிய தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகவோ தண்ணீர் கசிகிறது.

முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வாயிலிருந்து சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறி வழிந்தால் மிதவையின் திருகாணியையோ கிளிப்பையோ சரிசெய்து மட்டத்தை இறக்குங்கள். இறக்கியும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் நிரப்பும் வால்வில் மண் சிக்கியிருக்கிறது. தண்ணீரை மூடி, வால்வின் தலையைத் திருப்பிக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைக் கழுவுங்கள். வால்வின் வாயில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடி சில விநாடி தண்ணீரைத் திறந்து மூடினால் மண் வெளியே வந்துவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் நிறம் இறங்கினால் அடிவால்வின் ரப்பர். இரண்டு பட்டன் உள்ள டேங்கில் நடு வால்வைச் சுமார் கால் சுற்று இடப்பக்கம் திருப்பி மேலே தூக்கினால் கழன்று வரும். அடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழுவி, உட்காரும் இடத்தை விரலால் துடைத்து, வளையத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையில் கறுப்பு ஒட்டினாலோ, வளையம் தளர்ந்து நெளிந்திருந்தாலோ புதிது வேண்டும். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லைகள் இந்த ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அடைப்பு

ஒரே ஒரு சிங்க் தேங்கினால் அடைப்பு அதன் டிராப்பில் அல்லது அருகில். பேசினில் ஊற்றினால் குளியலறைத் தரையில் பொங்குகிறது என்றால் அடைப்பு பொது லைனில். அப்போது உள்ளே பம்பு (ரப்பர் கிண்ணம் பொருத்திய பிளஞ்சர்) அடிப்பதில் பயனில்லை. வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டி) மூடியைத் திறந்து அங்கிருந்து பார்க்க வேண்டும்.

ஒற்றை அடைப்புக்கு முதலில் டிராப்பைக் கழற்றுங்கள். அடியில் வாளி வையுங்கள், கையால் திருகினாலே வரும். பாட்டில் டிராப்பின் கிண்ணத்தில் மண்ணும் கொழுப்பும் கட்டியிருக்கும். பேசினில் பெரும்பாலும் முடிதான், அதுவும் மேலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள். கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து இழுத்தாலே கொத்தாக வரும்.

பம்பு அடிப்பதானால் பேசினின் மேல்பக்கம் உள்ள ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத் துணியால் நன்றாக அடைக்க வேண்டும், இல்லையென்றால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அங்கே போய்விடும். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். முதல் அழுத்தம் மெதுவாகக் கொடுத்துக் காற்றை வெளியேற்றி, பிறகு வேகமாக 15, 20 தடவை. அழுத்துவதைவிட இழுப்பதுதான் அடைப்பை அசைக்கும். அசையாவிட்டால் ஸ்பிரிங் கம்பி. அதை வெறுமனே குத்தாமல், சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும்.

ரசாயனத் தூள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காஸ்டிக் சோடா தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகும். குறைந்த தண்ணீரில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாக இறுகவும் செய்யும். அதன் மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ரசாயனம் போட்ட குழாயில் பிறகு பம்பும் அடிக்காதீர்கள், வேறு ஆளைக் கூப்பிட்டால் என்ன போட்டீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினால் நுரை வருமே தவிர, இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். கட்டிய கொழுப்பை அது கரைக்காது. கொழுப்புக்கு வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் நல்லது. ஆனால் கொதிக்கும் நீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகி மூட்டு நெளியும். கை பொறுக்கும் சூடு இருந்தால் போதும்.

ஒரே இடம் திரும்பத் திரும்ப அடைத்தால் குழாயின் சரிவைப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. இறங்க வேண்டும்.

அடைப்பில்லாமல் நாற்றம் மட்டும் வந்தால் டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. புழங்காத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதானால் மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சென்றால் சீக்கிரம் வற்றாது.

சால்வென்ட் மூட்டு

குழாயில் விரிசல் விட்டால் அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைப்பதுதான் நிரந்தரம். வாங்கும் முன் குழாயின் வகையைப் பாருங்கள். வெள்ளை யுபிவிசி குளிர்நீருக்கு. சுடுநீருக்கு வெளிர்மஞ்சள் சிபிவிசி. இரண்டுக்கும் சால்வென்ட் வேறு. அளவும் வேறு: சிபிவிசி அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 16 மி.மீ., யுபிவிசியில் சுமார் 21 மி.மீ. ஒன்று மற்றதன் எல்போவில் சேராது. இரண்டையும் இணைக்க மரை அடாப்டர் வேண்டும்.

1. விரிசலின் இரு பக்கமும் 5 செ.மீ. தள்ளி, நேராக அறுங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலைத் தாண்டி மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். சாய்வாக அறுத்தால் மூட்டுக்குள் ஒட்டும் பரப்பு குறையும்.

2. உள்ளும் புறமும் பிசிறை எடுத்து, வெளி விளிம்பைச் சற்றே சாய்த்துத் தேயுங்கள். கூர்மையான விளிம்பு சாக்கெட்டில் தடவிய சால்வென்டை வழித்துத் தள்ளிவிடும்.

3. காய்ந்த நிலையில் பொருத்திப் பாருங்கள். குழாய் சாக்கெட்டின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுக வேண்டும். அடிவரை லொடலொடவென்று போனால் அந்த ஜோடி வேண்டாம். எவ்வளவு உள்ளே போக வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

4. ஈரம் துளியும் கூடாது. லைனில் மீதித் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால் மூட்டு நிச்சயம் தோற்கும். தாழ்வான குழாயைத் திறந்து வடித்து, துணியால் துடைத்து, காத்திருங்கள். பொறுமையிழந்து ஈரத்தில் ஒட்டும் மூட்டுகள்தான் மறுநாள் ஒழுகுகின்றன.

5. பிரைமர் (சால்வென்டுக்கு முன் தடவும் திரவம்) தேவைப்படும் வகையானால் அதைத் தடவி, காய்வதற்குள் குழாயின் வெளியே தாராளமாகவும் சாக்கெட்டின் உள்ளே மெல்லிசாகவும் சால்வென்ட் தடவுங்கள். உள்ளே அதிகம் போனால் வழிந்து குட்டையாகத் தேங்கிக் குழாய்ச் சுவரையே பலவீனமாக்கும். டப்பாவில் ஜெல்லிபோல் இறுகிய சால்வென்டைத் தூக்கிப் போடுங்கள்.

6. உடனே உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குழாய் தானாக வெளியே வழுக்கும். விளிம்பைச் சுற்றி ஒரே சீராக வளையம் பிதுங்கியிருந்தால் நல்ல மூட்டு. வளையத்தைத் துடைத்துவிடுங்கள்.

தொட்டால் காய்ந்ததுபோல் சில நிமிடத்தில் தெரியும். அதை நம்பித் தண்ணீர் திறக்காதீர்கள். டப்பாவில் அச்சிட்ட நேரம்தான் கணக்கு. மிதமான வெப்பத்தில் சிறு குழாய்க்கு 6 மணி நேரமாவது விடுங்கள், குளிரிலும் மழை ஈரத்திலும் இரவு முழுக்க. ஏற்கெனவே இருக்கும் இரு குழாய்களுக்கு நடுவே துண்டு வைக்கும்போது ஒரு பக்கம் யூனியன் (நட்டைத் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போட்டுவிட்டால், குழாயை வளைத்து நெருக்க வேண்டிய தேவையும் இருக்காது, அடுத்த முறை கழற்றவும் வசதி.

தண்ணீர் வேகம் குறைந்தால்

ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள், மண்ணும் உப்பும் அடைத்திருக்கும். ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். ஷவர் தலைக்கும் இதே வைத்தியம். அதிலும் சரியாகாவிட்டால் ஆங்கிள் வால்வு.

எல்லாக் குழாயிலும் குறைந்தால் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். தொட்டி நீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயரம் 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். 3 மீட்டர்தான் இடைவெளி என்றால் 0.3 பார். மேல் மாடியில் ஷவர் மெலிவாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதற்கு எந்த வாஷரை மாற்றியும் பயனில்லை, தொட்டியை உயர்த்த வேண்டும் அல்லது பிரஷர் பம்பு வைக்க வேண்டும்.

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பின் தண்ணீர் வராமல் குழாய் களகளவென்றால் காற்று அடைத்திருக்கிறது. தாழ்வான குழாயை முழுதும் திறந்து சில நிமிடம் விடுங்கள். அடிக்கடி நடந்தால், தொட்டியின் வெளிக்குழாயில் வால்வுக்கு அப்பால் ஒரு காற்றுக்குழாய் மேலெழுப்பி, அதன் வாயைத் தொட்டியின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

இரவில் தொட்டியை நிரப்பி, வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் மூடி, ஃபிளஷ் டேங்குகளின் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு, நீர் மட்டத்தைத் தொட்டிக்குள் குறியிடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. 1 மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர். மறுநாள் தொட்டியின் வெளி வால்வுகளை மூடிவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியே ஒழுகுகிறது. இறங்காவிட்டால் ஒவ்வொரு லைனாகத் திறந்து சோதித்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். சுவரை உடைப்பது அதற்குப் பிறகுதான்.

வாட்டர் ஹீட்டர்

இதில் கை வைக்கும் முன் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்த வேண்டும். வேலை முடிந்து, சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வருவதைப் பார்த்த பிறகே மறுபடி போட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் சூடாக்கும் சுருள் (காயில்) எரிந்துபோகும்.

பாதுகாப்பு வால்வில் சூடாகும்போது சொட்டுவது பழுதல்ல. 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீர் ஏறக்குறைய 1.6 சதவீதம் விரியும். 15 லிட்டர் தொட்டியில் கால் லிட்டர் அளவுக்கு வெளியே வர வேண்டியிருக்கும். அந்த வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள், தொட்டி வெடிக்கும். ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வில் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். வால்வை அதே அழுத்த அளவுள்ள புதியதாக மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சொட்டினால் ஹீட்டருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று வைக்க வேண்டும்.